ஒரு பிரிண்டர், மூன்று கணினி: பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு நடப்பதை நிறுத்துவது எப்படி

தாலுகா ஆபீஸுக்கு எதிரில் என் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மூன்று கணினி, ஒரே ஒரு லேசர் பிரிண்டர். பிரிண்டர் கவுண்டர் கணினியில் யூஎஸ்பி கேபிளில் மாட்டியிருக்கும். உள்ளே உட்கார்ந்து மனு அடிக்கிற சித்தி ஒவ்வொரு தடவையும் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, எழுந்து வந்து, கவுண்டரில் நிற்பவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, செருகித் திறந்து பிரிண்ட் கொடுப்பார். ஒரு எழுத்து தப்பாக இருந்தால் மறுபடி உள்ளே போய்த் திருத்தி, மறுபடி வெளியே வர வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை எழுத்துரு. சித்தி பாமினியில் அடிப்பவர். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். அவசரமாக மனு கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டுப் பதறுவார்.

பிரிண்டரைப் பகிர்ந்த அன்றைக்கே இதெல்லாம் நின்றுபோனது. சித்தி தன் இடத்திலிருந்தே பிரிண்ட் கொடுக்கிறார். அவருடைய கணினியில் இருக்கும் எழுத்துருவோடுதான் பக்கம் பிரிண்டருக்குப் போகிறது, அதனால் கவுண்டரில் பாமினி இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. பென் டிரைவ் மாறி மாறிச் செருகாததால் வைரஸ் பயமும் குறைந்தது.

அதற்குப் பிறகு ஒரு டியூஷன் சென்டர், ஒரு ஆடிட்டர் அலுவலகம், இரண்டு வீடுகள் என்று சில இடங்களில் இதையே செய்து கொடுத்தேன். எல்லா இடத்திலும் கண்டது ஒன்றுதான். ‘ஷேர்’ என்பதை டிக் செய்வது அரை நிமிட வேலை, அதில் யாரும் தடுக்கி விழுவதில்லை. விழுவதெல்லாம் அதற்கு முந்தைய மூன்று விஷயங்களில்: எல்லாக் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறதா, பிரிண்டர் மாட்டிய கணினிக்கு மாறாத பெயரும் முகவரியும் இருக்கிறதா, அதில் பாஸ்வேர்டு போட்ட ஒரு கணக்கு இருக்கிறதா. இந்த மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். அவசரப்பட்டு நேராக ஷேரிங்குக்குப் போனால் அரை நாள் போய்விடும்.

முதலில் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

உங்கள் பிரிண்டரில் லேன் கேபிள் மாட்டும் ஓட்டையோ வைஃபையோ இருந்தால் கணினி வழியாகப் பகிரவே வேண்டாம். அதை நேராக ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள், எந்தக் கணினி அணைந்திருந்தாலும் மற்றவர்கள் பிரிண்ட் எடுக்கலாம். நல்ல வழி அதுதான், அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி2900 மாதிரியான பிரிண்டர்களில் யூஎஸ்பி மட்டும்தான் உண்டு. இங்க் டேங்க் வகையில் எப்சன் எல்3110 யூஎஸ்பி மட்டும், அதே குடும்பத்து எல்3150-இல் வைஃபை உண்டு. மாடல் எண்ணில் ஒரு சின்ன வித்தியாசம், வசதியில் இவ்வளவு வித்தியாசம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வைஃபையோ லேன் வசதியோ உள்ளதை வாங்குங்கள் என்பேன்.

சில ரவுட்டர்களில் யூஎஸ்பி ஓட்டை இருக்கும், பிரிண்டரை அதில் மாட்டினால் போதுமே என்று தோன்றும். சில பிரிண்டர்களுக்கு அது சரிவரும். லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சரிவராது, காரணம் அவற்றின் வடிவமைப்பு. அந்தப் பிரிண்டரின் உள்ளே அதற்கான மென்பொருள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியில் உள்ள டிரைவர்தான், அதாவது பிரிண்டரை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருள்தான், அதை பிரிண்டருக்குள் அனுப்புகிறது. ரவுட்டருக்கு அந்த வேலை தெரியாது. அப்புறம், நீளமான யூஎஸ்பி கேபிள் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் கணக்கு, அதற்கு மேல் போனால் வேலை செய்யும் செய்யாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆக, யூஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர் என்றால் அது மாட்டியிருக்கும் கணினியையே வாசலாக்க வேண்டும். இனி அந்தக் கணினியைக் கவுண்டர் கணினி என்றே சொல்கிறேன். இரண்டு மூன்று கணினிகளில் அதிக நேரம் ஆனில் இருப்பது எதுவோ அதுவே கவுண்டர் கணினியாக இருக்கட்டும்.

எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறதா

‘எல்லாத்துலயும் இன்டர்நெட் வருதே, அப்ப ஒரே நெட்வொர்க்தானே’ என்பார்கள். அப்படி இல்லை. இணையம் வருவது வேறு, கணினிகள் ஒன்றையொன்று பார்க்க முடிவது வேறு.

ஒவ்வொரு கணினியிலும் செட்டிங்ஸ் திறந்து, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராபர்ட்டீஸில் ‘ஐபிவி4’ முகவரியைப் பாருங்கள். கவுண்டரில் 192.168.1.20, உள்ளே 192.168.1.35 என்று இருந்தால் முதல் மூன்று எண்களும் ஒன்று, சரி. ஒன்றில் 192.168.1.20, இன்னொன்றில் 192.168.0.105 என்று இருந்தால் அவை வேறு வேறு தெருவில் இருக்கின்றன என்று அர்த்தம்.

இது ஏன் நடக்கிறது என்றால், ஃபைபர் இணைப்புக்காரர்கள் கொடுக்கும் பெட்டியே ஒரு ரவுட்டர், சிக்னல் போதவில்லை என்று நாம் கடையில் வாங்கி மாட்டுவது இன்னொரு ரவுட்டர். இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடுகின்றன. எல்லாக் கணினியையும் ஒரே பெட்டியோடு இணைத்துவிட்டால் முடிந்தது. இரண்டு பெட்டியும் வேண்டும் என்றால் இரண்டாவதின் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள், முகவரி கொடுக்கும் வேலையை முதல் பெட்டியிடம் விட்டுவிடும். அதே மாதிரி ‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்த கணினியால் மற்றவற்றைப் பார்க்க முடியாது, அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. கடைக் கணினிகள் கெஸ்டில் இருக்கக் கூடாது, வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் அவர்கள் கெஸ்டில்தான் இருக்க வேண்டும்.

கவுண்டர் கணினியில் செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் செய்யுங்கள். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன், விண்டோஸ் 10-லும் ஏறத்தாழ இதே வழிதான், சில பெயர்கள்தான் இடம் மாறியிருக்கும்.

முதலில் பெயர். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர் எழுத்தும் எண்ணும் கலந்து யாருக்கும் ஞாபகம் இருக்காத மாதிரி இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் ‘ரீநேம் திஸ் பிசி’ அழுத்தி, ஆங்கிலத்தில் ‘கவுண்டர்’ என்பது போல இடைவெளி இல்லாத சின்னப் பெயராக வையுங்கள், 15 எழுத்தைத் தாண்ட வேண்டாம். ரீஸ்டார்ட் கேட்கும், செய்துவிடுங்கள்.

அடுத்து நெட்வொர்க்கின் வகை. முன்பு ஐபி முகவரி பார்த்தோமே, அதே பக்கத்தில் ‘பப்ளிக் நெட்வொர்க்’, ‘பிரைவேட் நெட்வொர்க்’ என்று இரண்டு இருக்கும். பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். பப்ளிக்கில் இருந்தால் விண்டோஸ் உங்கள் கணினியை மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடும். பிறகு அதே ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’டில் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’. பிரைவேட் பகுதியில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’யும் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’கும் ஆனில் இருக்கட்டும். பப்ளிக் பகுதியில் இரண்டும் ஆஃபிலேயே இருக்கட்டும். லேப்டாப்பை ஸ்டேஷனுக்கோ லாட்ஜுக்கோ எடுத்துப் போகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் கீழே ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டெட் ஷேரிங்’ என்று ஒன்று இருக்கும். இணையத்தில் பார்க்கும் பாதிப் பேர் இதை ஆஃப் செய்யச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்கிறேன். பாஸ்வேர்டு இல்லாத நுழைவை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக மூடிக்கொண்டு வருகிறது, இன்றைக்கு வேலை செய்தாலும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிடலாம். அதைவிட, பிரிண்டுக்கென்றே ஒரு கணக்கு உருவாக்கிவிட்டால் வருடக்கணக்கில் தொல்லை இல்லை.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுண்ட்’ என்று போங்கள். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்னும் பொருள்படும் இணைப்பை அழுத்தினால், அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் ஒரு பயனரைச் சேர்க்கும் வழி வரும். பெயர் ஆங்கிலத்தில் ‘பிரிண்ட்’ என்றே இருக்கட்டும், ஒரு பாஸ்வேர்டு கண்டிப்பாகப் போடுங்கள். அட்மின் உரிமை வேண்டாம். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக உள்ளே வர விண்டோஸ் அனுமதிக்காது. நீங்கள் தினமும் கணினியைத் திறக்கப் போடும் நான்கு இலக்கப் பின் எண்ணும் நெட்வொர்க்கில் செல்லாது, அது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். ‘சரியான நம்பரைத்தான் போடறேன், தப்புங்குது’ என்று என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பின் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பகிர்வு. செட்டிங்ஸ், ‘ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’, உங்கள் பிரிண்டரின் பெயர், ‘பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்’. முதலில் அங்கேயே ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பாருங்கள், கவுண்டரிலேயே வராத பிரிண்ட் உள்ளேயிருந்து எப்படி வரும். வந்ததா, சரி. ‘ஷேரிங்’ பகுதிக்குப் போய் ‘ஷேர் திஸ் பிரிண்டர்’ என்பதை டிக் செய்து, பகிர்வுப் பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், ‘லேசர்’ என்பதுபோலச் சின்னதாக வையுங்கள். டிக் செய்ய முடியாமல் மங்கலாக இருந்தால் அங்கேயே ‘சேஞ்ச் ஷேரிங் ஆப்ஷன்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டுத் தொடருங்கள்.

மூடுவதற்கு முன் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ திறந்து காகித அளவை ஏ4 ஆக்குங்கள். சில டிரைவர்கள் அமெரிக்க ‘லெட்டர்’ அளவோடு வரும். ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் 216-க்கு 279. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் பிரிண்டர் லெட்டர் தாள் வேண்டும் என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இருப்பவருக்கு ஏன் வரவில்லை என்றே தெரியாது. பத்திரம், கோர்ட் வேலை செய்கிற கடைகளில் லீகல் தாள் தேவைப்படும், அதை அந்தந்தக் கோப்புக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கவுண்டர் கணினி தூங்கிவிட்டால் பிரிண்டரும் காணாமல் போகும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் போய், கரண்டில் இருக்கும்போது ஸ்லீப் ‘நெவர்’ என்று வையுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை. யாரும் லாகின் செய்யாமல் முகப்புத் திரையிலேயே நின்றாலும் பரவாயில்லை, கணினி ஆனில் இருந்தால் போதும்.

உள்ளே இருக்கும் கணினியில்

அவசரப்பட்டு இணைக்கப் போகாதீர்கள், முதலில் அதே பிரிண்டருக்கான டிரைவரை இந்தக் கணினியிலும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, அட்மின் கணக்கிலிருந்து நிறுவிவிடுங்கள். முன்பெல்லாம் இணைத்த உடனே கவுண்டர் கணினியிலிருந்து டிரைவர் தானாக வந்து உட்காரும். பிரிண்டர் டிரைவர் வழியாகக் கணினிக்குள் நுழையும் ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கலாம் என்று 2021-இல் வெளியே வந்தது, ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பேசப்பட்டதே அதுதான். அதற்குப் பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து இப்படி வரும் டிரைவருக்கு அட்மின் அனுமதி வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். முன்கூட்டியே நிறுவிவிட்டால் அந்தத் தடங்கல் பெரும்பாலும் வராது. பல டிரைவர்கள் நிறுவும்போது யூஎஸ்பியில் பிரிண்டரை மாட்டச் சொல்லி நிற்கும். முடிந்தால் அந்தப் பிரிண்டரையே ஐந்து நிமிடம் இங்கே கொண்டுவந்து மாட்டி நிறுவிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள், அது தலைவலி இல்லாத வழி.

அடுத்து, பாஸ்வேர்டைச் சேமித்து வைப்பது. ஸ்டார்ட்டில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேருங்கள். முகவரி என்ற இடத்தில் கவுண்டர் கணினியின் பெயர். பயனர் பெயர் என்ற இடத்தில் கவுண்டர் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு அந்தப் ‘பிரிண்ட்’ கணக்கின் பெயர். பாஸ்வேர்டு நாம் வைத்ததுதான். இதைச் செய்துவிட்டால் தினமும் காலையில் கணினி பாஸ்வேர்டு கேட்டு நச்சரிக்காது.

இப்போது விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு \\ போட்டு, ஒட்டினாற்போல் கவுண்டர் கணினியின் பெயரை எழுதி என்டர் தட்டுங்கள். ஒரு சாளரம் திறந்து, பகிர்ந்த பிரிண்டர் அதில் தெரியும். அதன் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் இணைந்துவிடும். டெஸ்ட் பேஜ் கொடுத்துப் பாருங்கள்.

பெயரைப் போட்டால் திறக்கவில்லையா? பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டுப் பாருங்கள், \\192.168.1.20 என்பது மாதிரி. முகவரியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பெயர் கண்டுபிடிப்பதில் மட்டும் கோளாறு, அப்படியே முகவரியை வைத்தே இணைக்கலாம். ஆனால் அந்த முகவரி மாறாமல் பூட்ட வேண்டும் (எப்படி என்பது கீழே வைஃபை பிரிண்டர் பகுதியில்), கிரெடென்ஷியல் மேனேஜரிலும் அந்த முகவரிக்கு இன்னொரு பதிவு போட வேண்டும். இரண்டிலும் திறக்கவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் ‘பிங்’ என்று எழுதி, இடைவெளி விட்டு முகவரியைக் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் கவுண்டர் கணினியின் பிரைவேட் செட்டிங்கை மறுபடி பாருங்கள், ஆன்டிவைரஸோடு வந்த தனி ஃபயர்வால் இருந்தால் அதில் கடை நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறித்துவிடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள், அப்படி அணைத்தவர்கள் திரும்ப ஆன் செய்வதை நான் பார்த்ததே இல்லை.

11பி என்று முடியும் பிழை வந்தால்

எல்லாம் சரியாகச் செய்தும், இணைக்கும்போது 11பி என்று முடியும் ஒரு பிழை எண்ணோ 709 என்று முடியும் ஒன்றோ வந்து நிற்கலாம். நீங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை. அதே 2021-இல், செப்டம்பர் அப்டேட் முதல் பிரிண்டர் பேச்சுவார்த்தைக்குக் கடுமையான பாதுகாப்பு கட்டாயமானது. ஒரு கணினி அப்டேட் ஆகியும் இன்னொன்று ஆகாமலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் 11பி வரும். 709 சில சமயம் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில், இணைப்புப் பேசும் முறை மாறியதால் வருவது.

இதற்கு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வேலை செய்யும்தான், ஆனால் அடைத்த ஓட்டையை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். ஆதார், பட்டா, வங்கிப் பாஸ்புக் என்று ஊர்க்காரர்களின் நகல்கள் கிடக்கிற கடைக் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. முதலில் இரண்டு கணினியிலும் விண்டோஸ் அப்டேட்டை முழுசாக முடித்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பாதி இடங்களில் அதிலேயே சரியாகும்.

ஆகவில்லை, அல்லது ஒரு கணினி இன்னும் விண்டோஸ் 7-லேயே இருக்கிறது என்றால் சுற்று வழி ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் கணினியில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ போய், ‘ஆட் டிவைஸ்’ அழுத்தி, தேடி முடிக்கும்வரை காத்திருந்தால் கையால் சேர்க்கும் தேர்வு ஒன்று தோன்றும். அதற்குள் ‘லோக்கல் பிரிண்டர்’ சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆமாம், நெட்வொர்க் பிரிண்டராக இருந்தாலும் லோக்கல் என்றுதான் கொடுக்க வேண்டும். அடுத்து ‘கிரியேட் எ நியூ போர்ட்’, வகை ‘லோக்கல் போர்ட்’. பெயர் கேட்கும்போது இரண்டு பின்சாய்வுக் கோடு, கவுண்டர் கணினியின் பெயர், மறுபடி ஒரு பின்சாய்வுக் கோடு, பகிர்வுப் பெயர் என்று இடைவெளியே இல்லாமல் எழுதுங்கள். பிறகு பட்டியலிலிருந்து ஏற்கெனவே நிறுவிய டிரைவரைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள். இந்த முறையில் டிரைவர் பரிமாற்றமே நடப்பதில்லை, கோப்பு மட்டும் போய்ச் சேர்கிறது, அதனால்தான் அந்தப் பிழையில் மாட்டுவதில்லை. காகித அளவை மட்டும் இந்தக் கணினியிலும் ஏ4 ஆக்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா கடையின் மூன்றாவது கணினி பழையது, இந்த வழியில்தான் இன்றுவரை ஓடுகிறது. ஆனாலும் அதை மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

வைஃபை அல்லது லேன் உள்ள பிரிண்டர் என்றால்

மேலே சொன்னதில் கணக்கு, பகிர்வு, கிரெடென்ஷியல் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. லேன் ஓட்டை இருந்தால் கேபிளிலேயே இணையுங்கள், வைஃபையைவிட நிலையானது. ஓட்டை இல்லை, வைஃபைதான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதன் பட்டியலிலேயே வராது. கணினி 5-இல் இருக்கட்டும், பிரிண்டர் 2.4-இல் இருக்கட்டும், ரவுட்டர் ஒன்றுதான் என்றால் பேசிக்கொள்ளும்.

இங்கே முக்கியமான வேலை முகவரியைப் பூட்டுவது. காலையில் நன்றாக இருந்த பிரிண்டர் கரண்ட் போய் வந்ததும் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கிறது என்பார்களே, பெரும்பாலும் காரணம் இதுதான். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எல்லோருக்கும் புதிதாக முகவரி பங்கிட, பிரிண்டருக்கு வேறு எண் விழுந்துவிடுகிறது, கணினி பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, வழக்கமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1, முகவரி பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது அதைப் போன்ற பெயரில் இருப்பதைத் தேடுங்கள். பிரிண்டரின் மேக் முகவரியையும் (அந்தக் கருவிக்கென்றே உள்ள அடையாள எண்) நீங்கள் கொடுக்க விரும்பும் ஐபி எண்ணையும் அதில் சேர்த்துவிட்டால் அந்த எண் இனி அந்தப் பிரிண்டருக்கே. மேக் முகவரி பிரிண்டர் எடுத்துத் தரும் நெட்வொர்க் விவரத் தாளில் இருக்கும். கவுண்டர் கணினிக்கும் இதே மாதிரி பூட்டலாம்.

பிறகு ஒவ்வொரு கணினியிலும் ‘ஆட் டிவைஸ்’, கையால் சேர்க்கும் தேர்வு, ‘ஐபி அட்ரஸ் அல்லது ஹோஸ்ட்நேம்’ வழியாகச் சேர்ப்பது, வகை ‘டிசிபி ஐபி டிவைஸ்’. தானாகக் கண்டுபிடித்ததைச் சேர்த்தால் விண்டோஸ் பெரும்பாலும் ‘டபிள்யூஎஸ்டி’ என்ற போர்ட்டைப் போட்டுவிடும், என் அனுபவத்தில் அடிக்கடி காணாமல் போவது அதுதான். முகவரி கொடுத்துச் சேர்த்தவை அப்படிப் போவதில்லை. பிரிண்டர் ஆனில் இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால் பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’, ‘கான்ஃபிகர் போர்ட்’ திறந்து ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு வரும் சின்னச் சின்னத் தொல்லைகள்

பிரிண்ட் வரிசையில் ஒரு கோப்பு மாட்டிக்கொண்டு, அழிக்கவும் முடியாமல் பின்னால் வருபவற்றையும் விடாமல் நிற்கும். கவுண்டர் கணினியில் ‘சர்வீசஸ்’ திறந்து ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய், கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, ஃபோல்டரை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள். எல்லோருடைய காத்திருக்கும் பிரிண்டும் போய்விடும் என்பதால் உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு பிரிண்டர் உள்ள இடத்தில் கறுப்பு வெள்ளை மனு கலர் பிரிண்டரில் போய் விழுந்து இங்க் வீணாகும். ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதை ஆஃப் செய்து, எது டிஃபால்ட் என்று நீங்களே குறியுங்கள். ஆனில் இருந்தால் கடைசியாக எதில் எடுத்தீர்களோ அதையே டிஃபால்ட்டாக்கிக்கொண்டிருக்கும்.

கவுண்டர் கணினியையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். டோனரை உருக்கி ஒட்டச் சூடாகும் பாகம் ஒவ்வொரு முறையும் பெரிய அளவில் கரண்டை இழுக்கும், சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காமல் கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். இங்க் டேங்க் பிரிண்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

செல்போனிலிருந்து எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைஃபை பிரிண்டர் என்றால் ஐபோனுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா அல்லது தயாரிப்பாளரின் செயலி போதும். விண்டோஸில் இப்படிப் பகிர்ந்த யூஎஸ்பி பிரிண்டர் போனுக்குத் தெரியாது. லினக்ஸ் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் ஒரு ராஸ்பெர்ரி பை அல்லது பழைய கணினியில் ‘கப்ஸ்’ என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பிரிண்டரை அதில் மாட்டினால், அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிற பட்சத்தில், போனுக்கும் தெரிகிற நெட்வொர்க் பிரிண்டராகவே அது மாறிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் கவுண்டர் கணினியின் பெயர், அதன் ஐபி முகவரி, பகிர்வுப் பெயர், பிரிண்ட் கணக்கின் பெயர், பாஸ்வேர்டு, ரவுட்டரின் பாஸ்வேர்டு ஆகியவற்றை எழுதிக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். அடுத்த முறை யாராவது கணினியை ஃபார்மேட் செய்தால் பத்து நிமிடத்தில் மறுபடி இணைத்துவிடலாம்.